சைவ வீட்டு மூக்கன்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்று பகல் பதினொன்று இருபதுக்கு எங்கள் வீட்டுக் கடலுக்கு ஒரு வண்ணத்துப்பூச்சி மீன் வந்து சேர்ந்தது. கடல் என்பது ஹாலில் இருக்கும் முந்நூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி. கோயம்புத்தூரில் கடல் கிடையாது என்பதால் அப்பா அதை உப்புப் பாக்கெட்டிலிருந்து தயாரிக்கிறார். அப்பாவுக்குப் பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை. அலை உண்டாக்கும் குட்டிப் பம்ப் ஒன்றைச் சோதித்துப் பார்க்கத்தான் நான்கு வருடத்துக்கு முன் தொட்டி வாங்கினார். அலை வந்துவிட்டதே என்று உப்புப் போட்டார். உப்பு இருக்கிறதே என்று பாறை வைத்தார். பாறை இருக்கிறதே என்று பவளம் ஒட்டினார். "பாறையப் பாத்துட்டுக் கப்பல் வாங்காம இருந்தாச் சரி" என்பது அம்மாவின் கருத்து.

மீன் என் உள்ளங்கை அளவு. வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் பட்டைகள். முதுகின் பின்பக்கம் கறுப்பாக ஒரு பொய்க்கண். மூக்கு மட்டும் நீளமாக, சாமணம் போல இருக்கிறது. நான் அதற்கு மூக்கன் என்று பெயர் வைத்தேன். பாறையில் முளைத்துப் பவளத்தைக் கொட்டிக் கொல்லும் ஒரு களையை இது தின்றுவிடும் என்று கடைக்காரர் சொன்னாராம். மூக்கன் அந்தக் களையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அம்மா கரண்டியோடு வந்து தொட்டிக்கு முன்னால் நின்றார். "ஏனுங்க, இந்த வருசத்துல ரெண்டு செத்தாச்சு. இது மூணாவது. இதுவும் போச்சுன்னா தொட்டியும் வெளிய போகோணும். ஊட்டுல மாசத்துக்கொரு எழவு எனக்கு ஆகாது."

"சரி" என்றார் அப்பா. பம்ப் சத்தத்தில் சரியாகக் கேட்காதவர் சொல்லும் சரி அது. ஆனால் சொல்லிவிட்டார்.

எட்டாம் வகுப்பு பி பிரிவு உமையாள் ஆகிய நான், இன்று முதல் மூக்கனைத் தினமும் கவனித்து எழுதப் போகிறேன். இந்த நோட்டில் பொய் எழுத மாட்டேன். நடந்தது எல்லாவற்றையும் எழுதுவேன் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சாப்பிடவில்லை. அப்பா போட்ட தீனி மூக்கின் நுனியைத் தொட்டபடி கீழே இறங்கியது. மூக்கன் ஓர் ஓரமாக நகர்ந்து வழிவிட்டது. மிச்சத்தை இரண்டு கோமாளி மீன்களும் தின்று தீர்த்தன.

ஆகஸ்ட் 22, வியாழன்

பள்ளி நூலகத்தில் கடல் மீன்கள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று இருக்கிறது. யாரும் எடுக்காததால் அதை எனக்கு இரண்டு வாரத்துக்குத் தந்தார்கள். அதில் இப்படி இருக்கிறது: இந்த வகை மீன் வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் பட்டினி கிடந்தே சாகும். காய்ந்த தீனியை உணவென்றே அறியாது. பிளந்த சிப்பியின் சதையைக் கொடுத்தால் சாப்பிடப் பழகலாம்.

இந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டினேன். அவர் படித்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார். புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார்.

எங்கள் வீடு சைவம். முட்டை போட்ட கேக் கூட வாசலைத் தாண்டாது. மீன் தீனிப் பாக்கெட்டின் பின்பக்கம் அப்பா ஒரு காகிதம் ஒட்டி வைத்திருக்கிறார். அங்கேதான் அதில் என்ன கலந்திருக்கிறது என்று அச்சிட்டிருக்கும். "பாக்கெட்டுல வர்றது மாவு. அதுக்கு மேல நான் கேக்கல, நீங்களும் சொல்ல வேண்டாம்" என்று அம்மா எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டார். மட்டிச் சிப்பியை மாவு என்று சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 24, சனி

ஆறாவது நாள். மூக்கனின் வயிறு உள்ளே ஒட்டியிருக்கிறது. கண்ணாடி அருகே வந்து என்னைப் பார்த்தது. ஒருவேளை கண்ணாடியில் தெரிந்த தன்னைப் பார்த்ததோ என்னவோ. நான் அழவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் கீழ்வீட்டு ரேணுகா அக்காவிடம் போனேன். அவர் கணவர் வாரம் ஒருமுறை வேலையாகப் பாலக்காடு போவார். திரும்பும்போது மீனும் மட்டியும் வாங்கி வருவார். அந்த வாசம் படியேறி வரும்போதெல்லாம் அம்மா சாம்பிராணி போடுவார்.

"அக்கா, எனக்கு ஒரே ஒரு மட்டி வேணும்."

ரேணுகா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குமா?"

"உனக்குமான்னா?"

"பொதுவாக் கேட்டேங் கண்ணு. இன்னிக்கு ஊருல எல்லாருக்கும் மட்டி மேல ஆசையாட்ட இருக்குது." ஃப்ரீசரிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "தெனமும் வா, ஒண்ணு தர்றேன். அம்மாகிட்டச் சொல்லலாமுங்களா?"

"வேண்டாம்."

"அப்பாகிட்ட?"

"வேண்டவே வேண்டாம்."

அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

சதையைச் சாமணத்தால் பிடித்து, இடப்பக்கப் பாறையில் உள்ள பொந்தில் செருகினேன். நாலு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூக்கன் வந்தது. ஒரு கண்ணால் பார்த்தது, மறு கண்ணால் பார்த்தது, மூக்கை உள்ளே விட்டு ஒரு நூல் அளவு கிள்ளியது. அப்புறம் இன்னொரு நூல். சாப்பிட்டுவிட்டது.

கையைப் பற்பசையால் தேய்த்துக் கழுவினேன். புதினா வாசம் மட்டும்தான் வந்தது.

ஆகஸ்ட் 28, புதன்

மூக்கன் சாப்பிட்டது. இன்றும் பொந்துக்குள் கொஞ்சம் மிச்சம். பசி குறைவு போலும்.

அப்பா இப்போதெல்லாம் காலை ஆறு மணிக்கு எழுந்து தானே பால் வாங்கி வருகிறார். பால் பாக்கெட் வாசலிலேயே தொங்கும் பையில்தான் விழும். அதை எடுக்க இருபது நிமிடம் ஆகிறது. வயதானால் நடைப்பயிற்சி அவசியம். வந்தவுடன் கையில் காப்பிப் பொடியைப் போட்டுத் தேய்க்கிறார். தோலுக்கு நல்லதாம்.

ஆகஸ்ட் 31, சனி

"எலுமிச்சம் பழம் நாலு வாங்கினேன், ஒண்ணைக் காணோம்" என்றேன், சர்பத் போடப் போய்.

"என்ன கேள்வி இது? பாத்திரம் தேய்க்க வேண்டாமா?" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது சோப்பில்.

அம்மா வேலை பார்க்கும் கூட்டுறவு வங்கி அடுத்த தெருவில் இருக்கிறது. மதியம் சாப்பிட வீட்டுக்கு வருவார். இன்று அரை நாள் பள்ளி என்பதால் நான் ஒன்றரைக்கே வந்துவிட்டேன். கதவைத் திறக்கும்போது அம்மாவின் குரல் கேட்டது: "சாப்புடு தங்கம், இன்னுங் கொஞ்சம். அப்பறம் மெலிஞ்சு போயிருவே." உள்ளே போனால் அம்மா தொட்டிக்குப் பின்னால் நின்று சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபியில் இருக்கும் சித்தியின் குழந்தையோடு ஃபோனில் பேசினாராம். ஃபோன் படுக்கையறையில் சார்ஜில் இருந்தது. அம்மாவின் குரல் எப்போதும் உரக்கத்தான் இருக்கும்.

செப்டம்பர் 4, புதன்

மூக்கனின் வயிறு உருண்டு வருகிறது. தினம் ஒரு மட்டிக்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று புத்தகம் சொல்லவில்லை. பின்னாளில் நானே ஒரு புத்தகம் எழுத வேண்டியிருக்கலாம்.

தொட்டியின் அழுக்கை நுரையாகப் பிரித்து எடுக்கும் குடுவை ஒன்று இருக்கிறது. முன்பு வாரத்துக்கு ஒருமுறை நிறையும். இப்போது தினமும் நிறைந்து, பழுப்பாக வழிகிறது. "பம்ப் நல்லா வேலை செய்யுது" என்றார் அப்பா பெருமையாக.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. காலையில் இருந்து அம்மா யாரையும் தொடாமல் மடியாக இருந்தார். கொழுக்கட்டை முடிந்து கீழ்வீட்டுக்குக் கொடுக்க என்னை அனுப்பினார். ரேணுகா அக்கா ஒரு கொழுக்கட்டையைக் கடித்தபடி, "இன்னிக்காவது லீவு உடுவீங்கன்னு பாத்தேன்" என்றார்.

"நான் ஒருத்திதானே வர்றேன்?"

"ஆமாங் கண்ணு, நீ ஒருத்திதான். என்ற ஊட்டுக் காலிங் பெல்தான் ஒரு தடவ அடிச்சா மூணு தடவ கேக்குது." சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது.

செப்டம்பர் 11, புதன்

தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கிறது. ஒரு பவளம் சுருங்கிவிட்டது.

செப்டம்பர் 12, வியாழன்

மூக்கன் மேல்மூலையில், பம்பின் வாயருகே நிற்கிறது. செவுள் வேகமாக அடிக்கிறது. நிமிடத்துக்கு நூற்றுப்பத்து. போன வாரம் எழுபது. சாப்பிடவில்லை. அப்பா பம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார்.

செப்டம்பர் 13, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மாலை ஆறரை. அப்பா செய்தித்தாளை விரித்து, மூன்றாவது முறையாகப் பம்ப்பைப் பிரித்திருந்தார். மூக்கன் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தது. சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து மருந்து விட்டால் மஞ்சளாக இருக்க வேண்டும். இலைப் பச்சையாக இருந்தது. அம்மோனியா. அதாவது உள்ளே எங்கேயோ ஏதோ அழுகுகிறது.

"எங்கிருந்து வருது?" என்று அப்பா பம்ப்பிடம் கேட்டார். "நாம போடறது ரெண்டு சிட்டிகை மாவு. ரெண்டு சிட்டிகையில எப்படி?"

அவர் விடியும் வரை பம்ப்பையே பிரிப்பார், அதற்குள் மூக்கன் செத்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. தொட்டி போவது இருக்கட்டும். மூக்கன் போய்விடும்.

"அப்பா, நான் தெனமும் ஒரு மட்டி போடறேன்."

சமையலறையில் தாளிப்புச் சத்தம் நின்றது. அம்மா கரண்டியோடு வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒண்ணுதானா?" என்றார் அம்மா.

கண்ணைத் திறந்தேன். அம்மா கோபமாக இல்லை. ரூபாய்க் கட்டில் ஒரு நோட்டு குறையும்போது எண்ணுகிற முகத்தோடு இருந்தார்.

"ஒண்ணுதாம்மா. சத்தியமா."

"ஒண்ணுல இவ்வளவு ஆகாதே."

"எப்பப் போடுவே?" என்று அப்பா கேட்டார்.

"ஸ்கூல் உட்டு வந்து, நாலு மணிக்கு."

"நாலு மணிக்கா? அதுதான் காலையில ஆறுக்கே பசியில்லாம..." என்று ஆரம்பித்த அப்பா, பம்ப்பின் ஓட்டைக்குள் ஊதத் தொடங்கினார்.

"காலையில ஆறுக்கு என்னங்க?" என்றார் அம்மா.

அப்பா இன்னும் இரண்டு முறை ஊதினார். "ரெண்டு. சின்னது."

அம்மா அவரை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். தரையில், செய்தித்தாளின் மறுபக்கம் உட்கார்ந்தார். "மத்தியானம் ஒண்ணரைக்கு நான் ரெண்டு போடறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பெருசு."

ஐந்து, என்று நான்தான் கூட்டிச் சொன்னேன். ஒரு நாளைக்கு ஐந்து. மூக்கனின் வயிறு ஒன்றரைக்கு மேல் கொள்ளாது.

"பிராணி பட்டினி கெடக்குது, நீங்க பம்ப்பக் கொஞ்சிட்டு இருந்தீங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அம்மா.

"நீ திட்டுவியேன்னுதான் நான் சொல்லல."

"திட்டத்தான் செஞ்சிருப்பேன்" என்று ஒப்புக்கொண்டார் அம்மா.

ஆளுக்கொரு பொந்து வைத்திருந்தோம். என்னுடையது இடப்பக்கம், அப்பாவுடையது வலப்பக்கம், அம்மாவுடையது சுவர்ப் பக்கம். அப்பா குழாயை விட்டு மூன்று பொந்துகளையும் உறிஞ்சினார். கறுப்பாக வந்தது. அந்த நாற்றத்தை எழுத எனக்குச் சொல் தெரியவில்லை. அம்மா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு டார்ச் பிடித்தார். "அங்க, அங்க இன்னுங் கொஞ்சம் இருக்குது" என்று அவரே அடையாளமும் காட்டினார்.

செப்டம்பர் 14, சனி

நூறு லிட்டர் தண்ணீர் மாற்றினோம். அம்மா உப்பை எடை போட்டார், அப்பாவை நம்பவில்லை. பிறகு நேராகக் கீழே போய், ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று ரேணுகா அக்காவைக் கேட்டார்.

"நீங்க மூணு பேருமே மத்த ரெண்டு பேருகிட்டச் சொல்லாதீங்கன்னு சொன்னீங்க. நான் வாக்குத் தவறலீங்க்கா" என்றார் ரேணுகா அக்கா. "என்ற ஊட்டுக்காரரு கேக்கறாரு, மேல்வீட்டுல ஆளு மாறிட்டாங்களான்னு."

செப்டம்பர் 16, திங்கள்

சோதனைக் குழாய் மஞ்சள். செவுள் நிமிடத்துக்கு எழுபத்தெட்டு. மூக்கன் நேராக நீந்துகிறது. ஆனால் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்தது. கீழ்வீட்டில் இந்த மாதம் முழுவதும் கறி, மீன் கிடையாது. ரேணுகா அக்கா ஃப்ரீசரைக் கழுவித் துடைத்துவிட்டு, மிச்சமிருந்த நாலு மட்டியைத் தூக்குவாளியில் கொண்டுவந்து நீட்டினார். "என்ற மாமியா வந்துருக்காங்கக்கா. இது ஊட்டுல இருக்கறதப் பாத்தா என்னையும் சேத்து வெளிய வெச்சிருவாங்க."

அம்மா தூக்குவாளியையும் எங்கள் ஃப்ரிட்ஜையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் மட்டியை மூன்று கவர் சுற்றி ஃப்ரீசரில் வைத்தார். அதற்கு முன்னால் இட்லி மாவு, தயிர், சாமிக்கு வாங்கிய பால் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்.

"ரேணு, இதையெல்லாம் உங்க ஃப்ரிட்ஜுல வெச்சுக்கிறியா? இப்ப உங்களதுதான் சுத்தமா இருக்குது."

தயிர் வாங்க இனி நான் கீழே போக வேண்டும்.

செப்டம்பர் 19, வியாழன்

இரண்டு நாளாக ஃப்ரீசர் மட்டியைக் கொடுத்துப் பார்த்தோம். மூக்கன் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. முதுகு மேட்டில் எலும்பு தெரிகிறது. அப்பா கடைக்காரருக்கு ஃபோன் செய்தார். ஒருமுறை விஷத் தண்ணீரில் கிடந்த மீனுக்கு மறுபடி ஆசை காட்ட வேண்டும், உயிரோடு இருக்கும் மட்டியை ஓட்டோடு பிளந்து வையுங்கள், அதையும் தொடவில்லை என்றால் அவ்வளவுதான் என்றாராம்.

அப்பாவுக்குச் சனிக்கிழமை கம்பெனியில் ஆய்வு. ஞாயிறு வரை தாங்குமா என்று கேட்டேன். அவர் செவுள் அடிப்பதை எண்ணத் தொடங்கினார்.

"நான் போறேன்" என்றார் அம்மா.

"எங்க?" என்றார் அப்பா.

"அங்கதான்." அந்த இடத்தின் பெயர் அம்மாவின் வாயில் வரவில்லை.

செப்டம்பர் 21, சனி

அம்மா அரை நாள் விடுப்பு எடுத்தார். காரணம் உடல்நிலை என்று எழுதினாராம். யாருடைய உடல் என்று வங்கி கேட்கவில்லையாம்.

குளித்து, திருநீறு வைத்து, பட்டுக் கரை போட்ட நூல் புடவை கட்டி, காய் வாங்கும் பையை எடுத்துக்கொண்டு அம்மா உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போனார். கூடவே நானும். புரட்டாசி முதல் சனிக்கிழமை என்பதால் மார்க்கெட்டே காலி. எங்களைக் கண்டதும் எட்டுக் கடையிலிருந்தும் ஒரே நேரத்தில் அழைத்தார்கள். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார். வலித்தது, சொல்லவில்லை.

மட்டி வைத்திருந்த ஓர் அம்மாள் முன்னால் நின்றோம்.

"எளசா இருக்குதா?" என்று அம்மா கேட்டார்.

அந்த அம்மாள் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்தார். "வெண்டைக்காயா கேக்கறீங்க? இது மட்டிங்க. தட்டிப் பாருங்க, வாய மூடுச்சுன்னா உசுரோட இருக்குது."

அம்மா ஒரு விரலை நீட்டி, பின்னுக்கு இழுத்து, மறுபடி நீட்டி ஒன்றைத் தட்டினார். அது மூடிக்கொண்டது. அம்மாவின் முகம் மாறியது. அப்புறம் நிறுத்தவே இல்லை. வருகைப் பதிவு எடுப்பது போல ஒவ்வொன்றாகத் தட்டி, மூடாதவற்றை ஓரமாகத் தள்ளி, பத்து எண்ணிப் பையில் போட்டார்.

"கொசுறு?"

"கொசுறு என்ன வேணும்?"

"கறிவேப்பில, மல்லித்தழ ஏதாச்சும்."

"இதோட போணியே நீங்கதான், தாயே" என்று அந்த அம்மாள் இன்னும் இரண்டு மட்டியைப் போட்டார். அம்மா அந்த இரண்டையும் தட்டிப் பார்த்தார்.

திரும்பும்போது கடைசிக் கடையில் ஒருவர் முக்காடு போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார். பையில் மத்தி மீன் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் புடவையை நான் தினமும் கதவு திறக்கும்போது பார்த்திருக்கிறேன்.

"ரேணு" என்றார் அம்மா.

ரேணுகா அக்கா மெல்லத் திரும்பினார். அவர் பார்வை அம்மாவின் நெற்றியில் நின்றது, பையில் நின்றது, என்னிடம் வந்தது. "அஞ்சு நாளுதாங்க்கா ஆச்சு. என்னால முடியலீங். நாளைக்கு எங்கக்கா ஊட்டுக்குப் போயிச் செஞ்சு சாப்புடலாம்னு... அதுவரைக்கும் எங்க வெக்கறதுன்னுதான் தெரியல. மாமியா ஃப்ரிட்ஜத் தொறந்து தொறந்து பாக்கறாங்க."

அம்மா ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். பிறகு காய்ப் பையை விரித்துப் பிடித்தார். "போடு. நாங்க உன்னைய இங்க பாக்கல."

"நானுந்தாங்க்கா உங்களப் பாக்கல."

மூவரும் ஒரே ஆட்டோவில் வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, அப்பாவின் ஸ்க்ரூடிரைவரால் ஒரு மட்டியைப் பிளந்தார். அப்பா ஃபோனில் இருந்தார். ஆய்வுக்கு வந்தவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டுக் கழிப்பறையில் நின்று பேசுகிறாராம். அம்மா சிப்பியைப் பாறை மேல் வைத்துவிட்டுக் கையைத் தொட்டிக்குள்ளேயே வைத்திருந்தார்.

"வந்துருக்கான். பாக்கறான். பின்னால போறான்."

"போறானா?" என்று ஃபோன் கேட்டது.

"பேசாதீங்க, அவனுக்குக் கேக்கும்."

அம்மாவின் விரலுக்கும் மூக்குக்கும் நடுவே ஓர் அங்குலம். மூக்கன் ஒரு கண்ணைக் காட்டியது. பக்கவாட்டில் நின்றது. மூக்கு சிப்பிக்குள் போனது. ஒரு நூல். இன்னொரு நூல். பிறகு நிமிர்ந்து பார்க்காமல், ஓடு வெள்ளையாகத் தெரியும் வரை.

அம்மா கையை வெளியே எடுக்கவில்லை. வளையலோடு முழங்கை வரை நனைந்திருந்தது. "ஏனுங்க" என்றார் ஃபோனிடம். "வரும்போது உப்புப் பாக்கெட் ரெண்டு வாங்கிட்டு வாங்க. அடுத்த வாரத்துக்கு வேணும்."

இன்றைய குறிப்பு:
மூக்கன் சாப்பிட்ட மட்டி: ஒன்று.
ஊட்டியவர்: அம்மா.
எங்கள் ஃப்ரீசரில் உள்ள டப்பாக்கள்: இரண்டு. இரண்டாவதைப் பற்றி எழுத எனக்கு அனுமதி இல்லை.